திருகோணமலைத் தெருக்களில் வானொலி அலையை அளப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கைபேசிக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை ஒரு நகரத்துக்குள் எப்படித் தேய்ந்துபோகிறது என்பதைக் கணிக்கப் பொறியியலாளர்கள் பயன்படுத்தும் சூத்திரங்களில் மிகவும் அறியப்பட்டது தோக்கியோவில் பிறந்தது. யோஷிஹிசா ஒகுமுராவும் அவரது குழுவினரும் அந்த நகரத்திலும் சுற்றுப்புறங்களிலும் அளந்து பெற்றவற்றை 1968இல் வளைகோடுகளாக வெளியிட்டார்கள். 1980இல் மசஹாரு ஹாட்டா அவற்றைச் சூத்திரமாகச் சுருக்கினார். அந்த உழைப்பின் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஆனால் திருகோணமலை தோக்கியோ அல்ல. இங்கே ஒரு புறம் டச்சு விரிகுடா, மறுபுறம் உட்துறைமுகம், இடையில் உவர்மலை, கீழே ஒன்றிரண்டு மாடிக் கடைகள், ஓட்டு வீடுகள், வேம்பும் தென்னையும். இப்படிப்பட்ட ஊரில் அலை எப்படிப் போகிறது என்பதை இந்த ஊர்க்காரர்கள்தாம் அளந்து பார்க்க வேண்டும்.

பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு ஆண்ட்ராய்ட் கைபேசி, ஒரு பி.வி.சி. குழாய், ஒரு குறிப்பேடு, பாடசாலையில் படித்த மடக்கை, இவற்றோடு பொறுமையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

எந்த அலை, யாருடைய அனுமதி

வானொலி அலை என்றதும் சிலர் 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான சிற்றலையை நினைப்பார்கள். ஜெர்மனியின் டொச்சே வெலே வானொலி திருகோணமலையில் நடத்திய அஞ்சல் நிலையம் அந்த வகை அலையையும் அனுப்பியது. வளிமண்டலத்தின் மேலடுக்கான அயன் மண்டலத்தில் பட்டுத் திரும்பி நாடு கடந்து போகும் அலை அது. நாம் அளக்கப்போவது வேறு: 900, 1800, 2100 மெகாஹேர்ட்ஸ் போன்ற கைபேசி அலைகள். இவற்றின் அலைநீளம் முறையே 33, 17, 14 சென்டிமீற்றர் அளவில் இருக்கும். சுவர், தகரக் கூரை, லொறி, மனித உடல் எல்லாமே இந்த நீளத்தோடு ஒப்பிட்டால் பெரிய தடைகள். நகரம் இந்த அலைகளை இப்படி அலைக்கழிப்பதற்குக் காரணம் இதுதான்.

முதல் பயிற்சியில் நீங்கள் எதையும் அனுப்பக் கூடாது. இலங்கையில் வானொலி மீடிறன்களை (அதிர்வெண்களை) பயன்படுத்துவது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருகிறது. அலை அனுப்பும் கருவியை இயக்க வேண்டுமானாலும் வெளிநாட்டிலிருந்து வானொலிக் கருவி தருவிக்க வேண்டுமானாலும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சொந்தக் கைபேசி தனக்கு வந்து சேரும் அலையைப் பற்றிச் சொல்வதைப் பதிவு செய்வதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்றை இந்த ஊரில் மறக்கவே கூடாது. டொக்யார்ட் கடற்படைத் தளம். சீனன்குடாவில் விமானப்படை இருக்கிறது. பிரெட்றிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையில் பக்தர்கள் நடக்கலாம் என்பதால், குழாயில் கைபேசியைக் கட்டிக்கொண்டு அங்கே அலையலாம் என்று பொருள் இல்லை. இந்த இடங்களையும் அவற்றின் மதிலோரங்களையும் உங்கள் வழியிலிருந்து நீக்கிவிடுங்கள். கோபுரங்களைப் படம் எடுக்காதீர்கள். பாடசாலையோ பல்கலைக்கழகமோ தந்த கடிதம் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். தெருவில் யாராவது கேட்டால், என்ன செய்கிறீர்கள் என்று நின்று நிதானமாகச் சொல்லுங்கள்.

கைபேசியைத் தயார் செய்தல்

ஐபோனில் வெளிச் செயலிகளுக்கு இந்த அளவீடுகள் கிடைப்பதில்லை. ஆகவே ஆண்ட்ராய்ட். அதில் ஜி-நெட்ரக் போன்ற ஒரு செயலியை நிறுவினால் நேரம், இடம், கோபுரத்தின் அடையாள எண், சமிக்ஞை வலு எல்லாவற்றையும் கோப்பாகச் சேமிக்கலாம். இணைப்பு வகையை 4ஜி மட்டும் என்று மாற்றுங்கள். வைஃபையை நிறுத்துங்கள். திரை அணையாமல் இருக்கட்டும். அணைந்தால் பல கைபேசிகளில் அளவீடு புதுப்பிக்கப்படாமல் பழைய எண்ணே திரும்பத் திரும்பப் பதிவாகும். பின்னணியில் சிறிதளவு தரவு தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பதும் நல்லது.

செயலி பல எண்களைக் காட்டும். உங்களுக்கு வேண்டியது ஆர்.எஸ்.ஆர்.பி. 4ஜி கோபுரம் ஒரே வலுவில் அனுப்பிக்கொண்டிருக்கும் குறிப்புச் சமிக்ஞை நம்மிடம் எவ்வளவு வலுவோடு வந்து சேர்கிறது என்பதை அது சொல்கிறது. பக்கத்தில் தெரியும் ஆர்.எஸ்.எஸ்.ஐ. வேறு. அதில் பிற கோபுரங்களின் அலையும் இரைச்சலும் அந்த நேரத்துப் பாவனையாளர்களின் நெரிசலும் கலந்திருக்கும். மாலையில் கூட்டம் கூடினால் ஆர்.எஸ்.எஸ்.ஐ. ஏறும், அதனால் அலை நன்றாக வருகிறது என்று ஆகிவிடாது. தொடங்குபவர்கள் பலர் தவறான பத்தியை எடுத்து வேலை முழுவதையும் வீணாக்குவது இங்கேதான்.

எண்கள் டிபிஎம் அலகில் வரும். பூச்சியம் டிபிஎம் என்பது ஒரு மில்லிவாற்று. 3 டெசிபெல் குறைந்தால் வலு பாதியாகும், 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகும், 20 குறைந்தால் நூறில் ஒன்றாகும். கோபுரத்துக்கு அருகே −70 அளவில் இருப்பது தொலைவில் −110 ஆகலாம். அது பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய வலு.

கைபேசி ஆய்வுகூடக் கருவி அல்ல. சாதாரண நிலைமைகளில் தனி அளவீட்டில் 6 டெசிபெல் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று கைபேசித் தரநிலையே அனுமதிக்கிறது. அதனால் இரண்டு வெவ்வேறு கைபேசிகளின் எண்களை ஒன்றாகக் கலக்காதீர்கள். ஒரே கைபேசியால் முழு வழியையும் நடந்தால் இந்தப் பிழை பெரும்பாலும் எல்லாப் புள்ளிகளிலும் ஒரே அளவாக இருக்கும். நமக்குத் தேவைப்படும் சரிவை அது கெடுக்காது.

கைபேசியைக் கையில் பிடிக்காதீர்கள். கோபுரத்துக்கும் கைபேசிக்கும் நடுவில் உங்கள் உடல் வந்தாலே சில டெசிபெல் காணாமல் போய்விடும். இதை நம்பாதவர்கள் திறந்த வெளியில் கைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பிப் பார்க்கலாம். கோபுரத்துக்கு முதுகு காட்டும்போது எண் இறங்குவது கண்ணுக்கு நேரே தெரியும். ஆகவே குழாயின் உச்சியில் கட்டி, தலைக்கு மேலே, ஏறத்தாழ 2 மீற்றர் உயரத்தில் வையுங்கள். உலோகக் கம்பி வேண்டாம். கைபேசி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் நடை முழுவதும் மாற்றாதீர்கள்.

கோபுரத்தை அறிதல்

தூரம் தெரியாமல் வலுவை மட்டும் எழுதி வைப்பதில் பயன் இல்லை. ஊரவர் பதிவுகளால் உருவான இணைய வரைபடங்களில் கோபுரங்களின் இடங்கள் கிடைக்கும். அவை பெரும்பாலும் கணிப்புகள். சில நூறு மீற்றர் தள்ளியும் இருக்கலாம். நடந்து போய்க் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். சில கைபேசிகள் ரைமிங் அட்வான்ஸ் என்ற எண்ணையும் காட்டும். 4ஜியில் அதன் ஒவ்வொரு படியும் 78 மீற்றர் தூரம். பார்த்த கோபுரம் சரியானதுதானா என்று சோதிக்க அது நல்ல சாட்சி.

செயலியில் EARFCN என்று தெரியும் அலைவரிசை எண்ணையும் குறியுங்கள். 1200 முதல் 1949 வரை இருந்தால் அது 1800 மெகாஹேர்ட்ஸ் பட்டை. எண்ணிலிருந்து 1200ஐக் கழித்து, பத்தால் வகுத்து, 1805ஐக் கூட்டினால் கோபுரம் அனுப்பும் மீடிறன் வந்துவிடும். 1500 என்று காட்டினால் 1835 மெகாஹேர்ட்ஸ். வெவ்வேறு பட்டைகளின் அளவீடுகளை ஒரே வரைபில் போடக் கூடாது.

கோபுரத்தின் அன்ரனாக்கள் பொதுவாக மூன்று திசைகளுக்குப் பிரிந்திருக்கும். நீங்கள் ஒரு திசையின் முகத்துக்கு நேரே விலகிச் செல்லும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கவாட்டில் நடந்தால் தூரத்தால் வரும் தேய்வும் அன்ரனாவின் திசையால் வரும் தேய்வும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். அன்ரனா சற்றுக் கீழே சாய்ந்திருந்தாலும் கோபுரத்தின் அடியில் வலு எதிர்பார்த்த அளவுக்கு இருக்காது. அதனால் முதல் 100 மீற்றரைக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள்.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

திருகோணமலையில் மூன்று வகை நிலம் நடந்து போகும் தூரத்திலேயே கிடைப்பது பெரிய வாய்ப்பு. பிரதான வீதி, மத்திய வீதிப் பக்கத்துக் கடைத்தெருக்கள் ஒரு வகை. உவர்மலைச் சரிவுகள் இன்னொரு வகை. டச்சு விரிகுடா ஓரமும் உட்துறைமுக ஓரமும் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனி வழி, தனிக் கோப்பு வேண்டும்.

கடைத்தெருவில் கவனிக்க வேண்டியது மூலை. கோபுரம் தெரியும் வீதியில் நடந்து வந்து, ஒரு குறுக்குத் தெருவுக்குள் திரும்புங்கள். திரும்பும் இடத்துக்கு முன்னும் பின்னும் ஓரிரு அடிகளாக, ஒவ்வொரு அடியிலும் சிறிது நேரம் நின்று நகருங்கள். கோபுரம் கண்ணிலிருந்து மறைந்ததும் எண் திடீரென்று அறுந்து விழாது. முதலில் சில டெசிபெல் இறங்கும், பிறகு சுவரோரமாக உள்ளே போகப் போக மேலும் இறங்கும். அன்ரனா கட்டடங்களை விடத் தாழ்வாக இருந்தால் மூலையைத் தாண்டிச் சிறிது தூரத்துக்குள்ளேயே 15 முதல் 20 டெசிபெல் வரை போய்விடக்கூடும். துறைமுக வாயிலில் நுழையும் கடலலை பாறை முனையைச் சுற்றி வளைந்து உள்ளே பரவுவது போல, வானொலி அலையும் விளிம்புகளில் வளைகிறது. நேர்கோடு விளிம்பை உரசிச் செல்லும் நிலையிலேயே 6 டெசிபெல் இழப்பு உண்டு. மீடிறன் கூடக் கூட வளையும் திறன் குறையும். ஒரே மூலையை 900இலும் 1800இலும் அளந்து ஒப்பிட்டால் இதை நீங்களே காணலாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பரிசோதனை இதுதான். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த இயற்பியல் சுவரோரத்தில் எண்ணாக நிற்கிறது.

மலை வழி எளிது. கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் உவர்மலை வருமாறு ஒரு வழியையும், வராதபடி அதே தூரத்தில் இன்னொரு வழியையும் தேர்ந்தெடுங்கள். இரண்டின் வித்தியாசம் மலை போட்ட நிழல்.

கரையோரம்தான் தந்திரமானது. நீரின் மேல் தடை இல்லை; ஆனால் அமைதியான நீர்ப்பரப்பு அலையைக் கண்ணாடியாகத் தெறிக்கச் செய்கிறது. நேரே வரும் அலையும் நீரில் பட்டு வரும் அலையும் சில இடங்களில் கூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். அன்ரனா 25 மீற்றர், கைபேசி 2 மீற்றர், மீடிறன் 1800 மெகாஹேர்ட்ஸ் என்றால், ஏறத்தாழ 1.2 கிலோமீற்றருக்குப் பிறகு இரண்டும் சேர்ந்து வலுவை விரைவாகக் குறைக்கத் தொடங்கும். அதன் பின் தூரம் பத்து மடங்கானால் இழப்பு 20க்குப் பதிலாக 40 டெசிபெல். கரையில் நிற்கும்போது பக்கத்துக் கோபுரத்தை விட்டுவிட்டு நீருக்கு அப்பாலுள்ள கோபுரத்தைக் கைபேசி பிடித்துக்கொள்ளவும் கூடும். அடையாள எண்ணைப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.

நடை

தொடங்கும் இடத்தில் ஒரு நிலையான புள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் அசையாமல் அளந்து கொள்ளுங்கள். நடை முடிந்ததும் அதே புள்ளிக்குத் திரும்பி மறுபடியும் அளந்து கொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் கடந்து போகும்போது எண் எவ்வளவு ஆடுகிறது என்பதும் தெரியும். அதைவிடச் சிறிய வித்தியாசங்களில் நீங்கள் பொருள் தேடக் கூடாது. கடைகள் திறக்குமுன் காலையில் நடப்பது நல்லது.

நிற்காமல், மெதுவாக, சீராக நடங்கள். மோட்டார் சைக்கிள் வேண்டாம். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் போனால் நொடிக்கு 10 மீற்றர். கைபேசி நொடிக்கு ஒரு முறைதான் பதிவு செய்கிறதென்றால் 1800 மெகாஹேர்ட்ஸில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 60 அலைநீளம் ஓடிவிடும். பல வழிகளில் தெறித்து வரும் அலைகள் சேர்ந்து உண்டாக்கும் மேடு பள்ளங்கள் அரை அலைநீள இடைவெளியிலேயே மாறுகின்றன. 1985இல் வில்லியம் லீ காட்டிய விதி இன்றும் பயன்படுகிறது: ஏறத்தாழ 40 அலைநீளத் தூரத்தில் குறைந்தது 36 அளவீடுகளை எடுத்துச் சராசரி கண்டால் இந்த ஆட்டம் அடங்கி, அந்த இடத்தின் உண்மையான வலு தெரியும். 1800இல் 40 அலைநீளம் 6.7 மீற்றர், 900இல் 13.3 மீற்றர். ஆகவே வழியை 10 மீற்றர்த் துண்டுகளாகப் பிரித்து, போகவும் வரவும் நடந்து புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 4ஜி அலைவரிசை அகலமானது என்பதால் கைபேசியே ஓரளவு சராசரி எடுத்துவிடுகிறது. அது உங்களுக்கு உதவியே.

ஒடுங்கிய தெருக்களில் ஜி.பி.எஸ். தடுமாறும். சந்திகளையும் மதகுகளையும் மணிக்கூட்டுக் கோபுரம் போன்ற அடையாளங்களையும் கடக்கும் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பின்னர் பாதையைத் திருத்த அது கைகொடுக்கும்.

பொறுக்கி எடுத்த எண்களின் ஏமாற்று

இதைப் பெரும்பாலான தொடக்க நூல்கள் சொல்வதில்லை. ஆனால் முடிவைத் தலைகீழாக்கக்கூடியது. கைபேசி எப்போதும் நல்ல கோபுரத்தைத் தேடித் தாவும். ஒரு கோபுரத்தின் அலை மோசமாக இருக்கும் இடங்களில் கைபேசி ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டிருக்கும். அந்தக் கோபுரத்துக்கு என்று கோப்பில் எஞ்சியிருப்பவை அதன் நல்ல இடங்கள் மட்டுமே. அவற்றைக் கொண்டு கோடு போட்டால், அலை உண்மையில் தேய்வதைவிட மெதுவாகத் தேய்வதாகத் தோன்றும். இதைத் தவிர்க்க, அயல் கோபுரங்களின் பட்டியலையும் செயலி பதிவு செய்யும்படி அமைத்து, உங்கள் கோபுரம் அயலாக மாறிய பிறகும் அதன் அடையாள எண்ணைத் தேடி அந்த எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். −120க்குக் கீழே கைபேசிக்குப் பல நேரங்களில் எதுவும் கேட்காது. அப்படி வெறுமையான இடங்களை நீக்கிவிடாமல், இங்கே −120க்கும் குறைவு என்று குறித்து வையுங்கள். கேட்காத இடங்கள் ஒரு தூரத்துக்கு மேல் நிறைய வந்தால், வரைபை அந்தத் தூரத்தோடு நிறுத்திவிடுவதே நேர்மையானது.

கணக்கு

விரிதாளில் ஒவ்வொரு 10 மீற்றர்த் துண்டுக்கும் கோபுரத்திலிருந்து தூரம், அதன் மடக்கை, சராசரி வலு ஆகிய மூன்று பத்திகள் போதும். சராசரி எடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். −80, −100 ஆகிய இரண்டின் சராசரி −90 என்று தோன்றும். மில்லிவாற்றாக மாற்றிச் சராசரி எடுத்துத் திரும்ப மாற்றினால் −83. நாம் தேடுவது வலுவின் சராசரி என்பதால் இரண்டாவதே சரி. மாற்றச் சோம்பலாக இருந்தால் இடையத்தை எடுங்கள். ஆனால் எதை எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

பிறகு தூரத்தின் மடக்கைக்கு எதிராக வலுவை வரைந்து நேர்கோடு பொருத்துங்கள். கோட்டின் படித்திறனை −10ஆல் வகுத்தால் கிடைப்பது தேய்வுச் சுட்டி. எடுத்துக்காட்டாக, கோட்டில் 100 மீற்றரில் −75, 1000 மீற்றரில் −107 என்றால் வீழ்ச்சி 32, சுட்டி 3.2. கோபுரம் எவ்வளவு வலுவில் அனுப்புகிறது என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை; அது கோட்டை மேலும் கீழும் நகர்த்துமே தவிர அதன் சரிவை மாற்றாது.

தடையற்ற வெளியில் சுட்டி 2. நகரத்தில் 2.7 முதல் 3.5 வரை வருவது வழக்கம். நிழல் மிகுந்த இடங்களில் 5 வரையும் போகும். 30 மீற்றர் உயர அன்ரனாவுக்கு ஹாட்டாவின் சூத்திரம் தரும் சுட்டி 3.52. உங்கள் எண்ணை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை வரும். பார்க்கலாம், ஆனால் ஹாட்டாவின் சூத்திரம் 1 கிலோமீற்றருக்கு அப்பாலும், 150 முதல் 1500 மெகாஹேர்ட்ஸ் வரையும்தான் செல்லும். கடைத்தெருவின் சில நூறு மீற்றர்களுக்கும் 1800 மெகாஹேர்ட்ஸுக்கும் அதை இழுத்துப் பொருத்தாதீர்கள்.

கோட்டைப் போட்டதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு துண்டும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிடுங்கள். அந்த விலகல்களின் நியம விலகல் நகரங்களில் பொதுவாக 6 முதல் 10 டெசிபெல் வரை இருக்கும். விலகல்களை வரைபடத்தில் நிறமாகப் போட்டால்தான் ஊர் பேசத் தொடங்கும். மலைக்குப் பின்னால் ஒரு கூட்டமாகச் சிவப்பு, கரையோரமாகப் பச்சை, மூலைகளில் திடீர் மாற்றம் என்று வரக்கூடும். சுட்டி ஒரே எண். இந்த வரைபடம்தான் திருகோணமலை.

மீண்டும் அளக்கும் நாளுக்காக

மழைத்துளி இந்த மீடிறன்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஈர இலை தொடும். மாரியில் நனைந்து செழித்த மரங்களுக்குக் கீழே அளந்ததையும், கச்சான் என்னும் உலர்ந்த தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் அளந்ததையும் ஒன்றாகப் போடாதீர்கள். வெப்பமான உலர்காற்று ஈரமான கடற்பரப்பின் மேல் படியும்போது அலையை நீரோடு வளைத்து வெகுதூரம் கொண்டுபோகும் படலம் உருவாகக்கூடும். கரையோர அளவீடுகளில் அதைப் பார்க்க வாய்ப்பு உண்டு.

ஆகவே ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இவற்றை எழுதிச் சேமியுங்கள்: தேதியும் நேரமும், காற்றும் வானிலையும், கைபேசியின் மாதிரி, குழாயின் உயரம், கோபுரத்தின் அடையாள எண், அலைவரிசை எண், கோபுரத்தின் இடத்தை எப்படி உறுதி செய்தீர்கள் என்பது, நிலையான புள்ளியின் முதல் அளவும் கடைசி அளவும். திருத்தாத மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள், கணக்குப் போட்ட விரிதாளைத் தனியாக வையுங்கள். உங்களை அறியாத ஒரு மாணவி அடுத்த கச்சான் காலத்தில் அந்தக் கோப்பைத் திறந்து, அதே வீதியில், அதே உயரத்தில், அதே திசையில் நடக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.